பரமக்குடி – ராமநாதபுரம் மாதிரி இருவழிச் சாலைகளில் முந்துவதற்கென்று தனி லேன் ஏன் போடுவதில்லை?

ராம்நாடு வண்டி:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், மூன்று நாளாக மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

ஊர் ராமநாதபுரம், வேலை மதுரையில். ஆறு வருடமாக வாரம் ஒரு தடவையாவது காரில் போய் வருகிறேன். மதுரையிலிருந்து பரமக்குடி வரை நாலுவழிச்சாலை, ஒரு தொல்லையும் கிடையாது. பரமக்குடியோடு அது முடிகிறது, அப்புறம் ராமநாதபுரம் வரை இருவழிதான். அதுவரை 90, 100-ல் வந்த கால் சின்ன ரோட்டுக்கு வந்த பிறகும் சட்டென்று தளர மாட்டேன் என்கிறது. எனக்கும் அப்படித்தான், பின்னால் வருகிறவருக்கும் அப்படித்தான். அங்கே முன்னால் ஒரு வைக்கோல் லாரியோ டிராக்டரோ 35-ல் போய்க்கொண்டிருக்கும். பத்து நிமிடத்தில் அதன் பின்னால் எட்டு வண்டி சேர்ந்துவிடும். எட்டுப் பேருக்கும் அவசரம்.

விஷயத்துக்கு வருகிறேன். தை அமாவாசைக்கு முந்தின நாள், அம்மாவுக்கு மதுரையில் கண் காட்டிவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தோம். ராமேஸ்வரம் போகும் வேன்களும் பஸ்களும் வரிசையாக. சத்திரக்குடி தாண்டி ஒரு வைக்கோல் லாரிக்குப் பின்னால் நான்காவது ஆளாக நான். எனக்கும் பின்னாலிருந்து ஒரு வேன் மொத்த வரிசையையும் ஒரே மூச்சில் முந்தப் பார்த்தது. எதிரே பஸ். வேனுக்கு உள்ளே நுழைய இடம் வேண்டும், என் முன்னால் இருந்த இடைவெளியில் நுழைந்துவிட்டது. நான் இடது பக்கம் ஒடித்தேன். அந்த ஓரத்தில் ஒரு மொபெட்டில் கணவன் மனைவி போய்க்கொண்டிருந்தார்கள், அந்த அம்மா மடியில் ஒரு சாக்கு. ஒரு முழம் தள்ளி நின்றது என் கார். அவர்கள் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. வேன் போயே போய்விட்டது. அடித்திருந்தால் அடித்தது நான்.

இந்தச் சாலையை நாலுவழியாக்க 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தாயிற்று, 46.7 கி.மீ, 1,853 கோடி ரூபாய். சந்தோஷம். ஆனால் அது முடிந்து வண்டி ஓடுகிற நாள் வரைக்கும் என்ன செய்வது? ராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடி போகும் கிழக்குக் கடற்கரைச் சாலை, இந்தப் பக்கம் தொண்டி, மீமிசல் வழியாக நாகப்பட்டினம் போகிற சாலை, இதெல்லாம் எப்போது நாலுவழியாகும்? இரண்டு லேனுக்கு அடுத்தது நாலு லேன்தானா, நடுவில் ஒன்றுமே கிடையாதா? ஐந்து கி.மீ-க்கு ஒருமுறை முந்துவதற்கு மட்டும் மூன்றாவது லேன் ஒன்று, ஒன்றரை கி.மீ நீளத்துக்குப் போட்டால் என்ன? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செட்டிநாடு 63:

லேன் போட்டால் திருந்திவிடுவார்களா? நாலுவழியிலேயே எதிர்த் திசையில் வருகிற ஊர் இது. சட்டம் இருக்கிறது, 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 184-ஆம் பிரிவில் விதியை மீறி முந்துவதையும் அபாயகரமான ஓட்டுதல் என்று சேர்த்தார்கள், முதல் தடவைக்கே ஆயிரத்திலிருந்து ஐயாயிரம் வரை அபராதம், ஆறு மாதத்துக்குக் குறையாத சிறைத் தண்டனைகூடக் கொடுக்கலாம். கேமரா வைத்து இதை ஒழுங்காகப் பிடித்தாலே பாதி குறையும். காசைக் கொட்டி ரோட்டை அகலப்படுத்தினால் இன்னும் வேகமாகத்தான் போவார்கள்.

கிலோமீட்டர் கல்:

செட்டிநாடு சார் சொல்வதில் நியாயம் இருக்கிறது, பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் முழுக் கதையும் அது இல்லை. நான் முப்பது வருடம் ரோடு சர்வேயிலும் ஒப்பந்த வேலைகளிலும் இருந்தவன், இப்போது ஓய்வில். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முந்துவதற்கு எவ்வளவு தூரம் தேவை என்பதை ஓட்டுகிறவர்கள் யாரும் சரியாக நினைப்பதில்லை. லாரி 50-ல் போகிறது, நீங்கள் 80-ல் முந்துகிறீர்கள் என்று வையுங்கள். பின்னால் 20 மீட்டர் இடைவெளி, லாரியின் நீளம், அதைத் தாண்டி மறுபடி உள்ளே வர 20 மீட்டர், எல்லாம் சேர்த்து அறுபது மீட்டராவது லாரியைவிடக் கூடுதலாக ஓட வேண்டும். 30 கி.மீ வேக வித்தியாசத்தில் அதற்கு ஏழு விநாடி. அந்த ஏழு விநாடியில் நீங்கள் 155 மீட்டர் போயிருப்பீர்கள், எதிரே 80-ல் வருகிறவரும் 155 மீட்டர் வந்திருப்பார். யோசிக்கிற நேரத்தையும் சேர்த்தால் 400 மீட்டருக்குக் குறையாது. சாலை வடிவமைப்புக்கு விதிமுறை எழுதுகிற இந்திய சாலைக் காங்கிரஸ், அதுதான் ஐ.ஆர்.சி, 80 கி.மீ வேகத்துக்கு 470 மீட்டர் என்று போட்டிருக்கிறது. 100 கி.மீ வேகத்துக்கு 640 மீட்டர்.

சரி, இப்போது லாரிக்குப் பதிலாக 65-ல் போகிற பஸ்ஸை அதே 80-ல் முந்துங்கள். வித்தியாசம் 15 கி.மீ-தான். நேரம் பதினான்கு விநாடிக்கு மேல் ஆகிவிடும், தூரம் அறுநூறைத் தாண்டும். மெதுவாகப் போகிற வண்டியை முந்துவதைவிட நடுத்தர வேகத்தில் போகிற வண்டியை முந்துவதுதான் ஆபத்து, கண்ணுக்கு அது தெரியாது. எதிரே ஒரு பஸ் 500 மீட்டரில் வந்தால் அது நிற்கிறதா வருகிறதா என்றே சொல்ல முடியாது, அதுவும் மதியம் கானல் அடிக்கிற நேரத்தில் நம் ராமநாதபுரம் ரோட்டில். இதில் ஒழுங்கானவரும் தப்புக் கணக்குப் போடுவார். அபராதம் கணக்கைச் சரி செய்யாது.

ராம்நாடு தம்பி கேட்ட கேள்விக்கு நேரடி பதில்: யாரும் யோசிக்காத விஷயம் இல்லை இது. ஐ.ஆர்.சி-யிலேயே இருக்கிறது. முந்துவதற்கு முன்னால் தெளிவாகத் தெரிய வேண்டிய அந்த 470, 640 மீட்டருக்கு முந்தும் பார்வைத் தூரம் என்று பெயர். சாலை முழுக்க அதைக் கொடுக்க முடியாத இடத்தில், நடுநடுவே முந்துவதற்கென்று பகுதிகள் அமைத்து முன்கூட்டியே பலகை வைக்க வேண்டும். அந்தப் பகுதியின் நீளம் குறைந்தது பார்வைத் தூரத்தைப் போல மூன்று மடங்கு, முடிந்தால் ஐந்து மடங்கு. 80 கி.மீ வேகத்துக்குக் கணக்குப் போட்டால் 1,410 மீட்டரிலிருந்து 2,350 மீட்டர் வரை வருகிறது. தம்பி சும்மா சொன்ன ஒன்றரை கி.மீ அதற்குள் விழுகிறது பாருங்கள்.

இன்ஜினியரிங் படிக்கிற பையன்கள் எல்லோரும் பரீட்சையில் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். ரோட்டில் அந்தப் பலகையை எத்தனை இடத்தில் பார்த்திருக்கிறீர்கள்? நான் வேலை செய்த எந்தச் சாலையிலும் வைத்ததில்லை. நானும் அழுத்திக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. இப்போது அது உறுத்துகிறது.

சங்ககிரி லோடு:

லாரி ஓட்டுகிறவன் பேசுகிறேன். தூத்துக்குடியில் உப்பு ஏற்றி கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்த ஆள், 22 வருடம் ஸ்டியரிங்.

எல்லோரும் லாரியை ஓரம் கட்டி வழி விடச் சொல்கிறார்கள். ஓரம் எப்படி இருக்கிறது என்று யாராவது இறங்கிப் பார்த்ததுண்டா? பல இடத்தில் தாருக்கும் மண்ணுக்கும் அரை அடி பள்ளம். கரிசல் மண், மழை பெய்தால் இடது சக்கரம் இறங்கினால் ஏறாது, லோடு சாயும். வழி விட ஆசை இல்லாமல் இல்லை. பின்னால் பத்து வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு வந்தால் எனக்கும் தலைவலிதான்.

இன்னொன்று சொல்ல வேண்டும். முன்னெல்லாம் எதிரே ரோடு காலியாக இருந்தால் இடது இண்டிகேட்டர் போட்டுக் காட்டுவேன், போகலாம் என்று. கிளீனர் இருந்தால் கையைக் காட்டுவார். ஒரு நாள் அப்படிக் காட்டி ஒரு கார் ஏறி வந்தது, அதே நேரத்தில் பக்கவாட்டு மண் ரோட்டிலிருந்து ஒரு டிராக்டர் உள்ளே வந்துவிட்டது. நான் பிரேக்கில் நின்றேன், கார்க்காரர் எப்படியோ நுழைந்து தப்பித்தார். அன்றையிலிருந்து சைகை காட்டுவதை விட்டுவிட்டேன். பின்னால் வருகிறவர் என்னை நம்பி உயிரை வைக்கிறார், அந்தப் பொறுப்பு எனக்கு வேண்டாம். அதோடு ஒருவர் போடும் வலது இண்டிகேட்டருக்கு எதிரே வண்டி வருகிறது என்று அர்த்தம், இன்னொருவர் போட்டால் நான் வலது பக்கம் திரும்பப் போகிறேன் என்று அர்த்தம், வெளி மாநில வண்டி போட்டால் வேறு அர்த்தம். எதை நம்புவது?

மூன்றாவது லேன் போட்டால் முதலில் சந்தோஷப்படுகிற ஆள் லாரிக்காரன்தான். ஆனால் ஒன்று, அந்த லேன் முடிகிற இடத்தை ஒழுங்காகக் காட்ட வேண்டும். அகலமான ரோடு திடீரென்று பாலத்தில் குறுகுகிற இடங்களில் நான் பார்த்த விபத்துகள் போதும்.

உப்சாலா தமிழ்:

சொந்த ஊர் அறந்தாங்கி, 11 வருடமாக சுவீடனில். இந்தத் தலைப்பைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் ராம்நாடு நண்பர் கேட்ட அந்த நடுவில் உள்ள ஒன்று இங்கே நான் ஓட்டுகிற சாலைகளிலேயே இருக்கிறது.

இங்கே 13 மீட்டர் அகலச் சாலைகள் நிறைய இருந்தன. இரண்டு லேன், இரண்டு பக்கமும் அகலமான ஓரம். மெதுவாகப் போகிறவர் ஓரத்தில் பாதி ஏறிக்கொள்வார், வேகமானவர் நடுக்கோட்டின் மேல் ஏறி முந்துவார், எதிரே வருகிறவரும் அப்படியே செய்வார். படித்துப் பாருங்கள், நம் ஊர் மாதிரியே இருக்கிறதா? நேருக்கு நேர் மோதிச் சாகிறவர்கள் அதிகம். 1997-ல் சாலை விபத்தில் ஒருவரும் சாகக் கூடாது என்பதை நாடாளுமன்றத்தில் கொள்கையாகவே நிறைவேற்றினார்கள். அடுத்த வருடம் யெவ்லே நகரத்துக்கு வடக்கே ஈ4 நெடுஞ்சாலையில் ஒரு பகுதியை எடுத்துச் சோதனை செய்தார்கள். அதே 13 மீட்டரை மூன்று லேனாகப் பிரித்து, இரண்டு லேன் ஒரு திசைக்கு, ஒரு லேன் மறு திசைக்கு. ஒன்றிலிருந்து இரண்டரை கி.மீ போனதும் மாறும், இப்போது எதிர்த் திசைக்கு இரண்டு. நடுவில் இரும்புக் கயிற்றுத் தடுப்பு. அதைத் தாண்டி யாரும் எதிர் லேனுக்குப் போகவே முடியாது.

ஆரம்பத்தில் எதிர்ப்பு இருந்தது, ஒற்றை லேனில் வண்டி நின்றுவிட்டால் ஆம்புலன்ஸ் எப்படிப் போகும், பைக் ஓட்டுகிறவர்கள் கயிற்றில் மோதினால் என்ன ஆகும் என்றெல்லாம். நியாயமான கேள்விகள். ஆனால் அப்படி மாற்றிய சாலைகளில் இறப்பு நான்கில் மூன்று பங்குக்கு மேல் குறைந்தது. அப்புறம் நாடு முழுக்கப் போட்டார்கள்.

எனக்குப் பெரிதாகத் தெரிவது இந்தக் கணக்குகூட இல்லை, ஓட்டுகிறபோது மனம் எப்படி இருக்கிறது என்பதுதான். முன்னால் ஒரு மர லாரி மெதுவாகப் போகும், எனக்குப் பதற்றமே வராது. இன்னும் சற்று நேரத்தில் என் பக்கம் இரண்டு லேன் ஆகிவிடும் என்று தெரியும். பொறுமை சுவீடன்காரர்களுக்குப் பிறவிக் குணம் என்று நினைத்துவிடாதீர்கள். ஊருக்கு வந்தால் நானே அறந்தாங்கி – புதுக்கோட்டை ரோட்டில் இரண்டே நாளில் பழையபடி முந்த ஆரம்பித்துவிடுகிறேன், ஏனென்றால் அங்கே இப்போது விட்டால் அடுத்த வாய்ப்பு எப்போது என்று தெரியாது.

ஒரு எச்சரிக்கை: தடுப்பும் தெளிவான பங்கீடும் இல்லாமல் நடு லேனை இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக விடுகிற மூன்று லேன் சாலைகளை அந்தக் காலத்தில் பல நாடுகள் போட்டுப் பார்த்துச் சூடு கண்டன. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நடுவுக்கு வந்துவிடுவார்கள். அதை மட்டும் செய்துவிடக் கூடாது.

சத்திரக்குடி பக்கம்:

நீங்கள் எல்லோரும் காரிலிருந்தும் லாரியிலிருந்தும் பேசுகிறீர்கள். நான் ஸ்கூட்டியில் போகிறவள். சத்திரக்குடிக்குப் பக்கத்துக் கிராமம், தினமும் பரமக்குடிக்கு வேலைக்குப் போய் வருகிறேன். அப்பா மொபெட்டில் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டு அதே ரோட்டில் போவார். ராம்நாடு அண்ணா பார்த்த அந்த மொபெட் மாதிரி நூறு மொபெட் அங்கே தினமும் போகிறது.

வெள்ளைக் கோட்டுக்கு வெளியே இருக்கிற அந்த ஒரு முழ ரோடுதான் எங்கள் ரோடு. எதிரே வருகிற வேன் லைட்டை அடித்துக் காட்டினால் அதற்கு என்ன அர்த்தம் தெரியுமா? நான் முந்துகிறேன், நீ மண்ணில் இறங்கு. இறங்கியிருக்கிறேன், எத்தனையோ தடவை. ஒருமுறை வண்டியோடு கருவேலங்காட்டுக்குள் விழுந்து கையில் முள் ஏறிப் பத்து நாள் வேலைக்குப் போகவில்லை. யாரும் நிறுத்திப் பார்க்கவில்லை.

மூன்றாவது லேன் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் ஓரத்தை எடுத்து அதில் மூன்றாவது லேன் போட்டால் நாங்கள் எங்கே போவது? நடுவில் கயிறு கட்டினால் அந்தப் பக்கம் வயல் இருக்கிறவர் ஆட்டை எப்படி ஓட்டிப்போவார், பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ் ஸ்டாப்புக்கு எப்படிக் கடப்பார்கள்? சுவீடனில் ரோட்டோரம் ஆடு மேய்க்கிறார்களா என்று எனக்குத் தெரியாது. இங்கே மேய்க்கிறோம்.

கிலோமீட்டர் கல்:

அம்மா, நீங்கள் கேட்டதுதான் சரியான கேள்வி. நான் எழுதும்போது அதை விட்டுவிட்டேன்.

அகலத்தைச் சொல்கிறேன். இருவழி தேசிய நெடுஞ்சாலை என்றால் 7 மீட்டர் ஓடும் தளம், இரண்டு பக்கமும் தார் போட்ட ஓரம் ஒன்றரை ஒன்றரை மீட்டர் சேர்த்தால் 10 மீட்டர். அந்த 10 மீட்டருக்குள்ளேயே கோட்டை மாற்றிப் போட்டு மூன்று லேன் ஆக்க முடியாது, ஆக்கினால் நீங்கள் பயப்படுகிறது அப்படியே நடக்கும். மூன்று லேனுக்கே பத்தரை மீட்டர், நடுத் தடுப்புக்கு இடம், அதற்கு மேல் இரண்டு பக்கமும் உங்கள் ஓரம் அப்படியே இருக்க வேண்டும் என்றால் 14, 15 மீட்டர் வேண்டும். திறந்த வெளியில் நெடுஞ்சாலைக்கு 45 மீட்டர் நிலம் என்பது பொது விதி, 30 மீட்டர் கையில் இருந்தாலே இதைப் போட்டுவிடலாம். வீடுகளை இடிக்கத் தேவை இல்லை, சிறு பாலங்களை மட்டும் அகலப்படுத்த வேண்டியிருக்கும். இந்த நாலுவழித் திட்டத்தில் பாலம், புறவழி எல்லாம் சேர்த்து கி.மீ-க்குக் கிட்டத்தட்ட 40 கோடி வருகிறது. முந்தும் லேன் சாலை முழுக்கத் தேவை இல்லை, ஐந்தில் ஒரு பங்கு நீளத்துக்குப் போட்டாலே போதும், ஆகவே செலவு அதில் ஒரு சிறு பகுதிதான். நாலுவழி இன்னும் வராத தொண்டி, சாயல்குடி பக்கச் சாலைகளுக்கு இதைத்தான் கேட்க வேண்டும்.

இடம் எது என்பதுதான் முக்கியம். ஊருக்குள், பள்ளிக்கூடம், பஸ் ஸ்டாப், குறுக்கே மண் ரோடு சேருகிற இடம், இதிலெல்லாம் போடவே கூடாது. இரண்டு பக்கமும் வெறும் கருவேலங்காடாக இருக்கிற நீளமான இடங்களைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். நம் மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமில்லை. ஊருக்குள் வரும்போது வேகத்தைக் குறைக்க வைக்க வேண்டும், வெளியே போனதும் முந்த இடம் கொடுக்க வேண்டும், இரண்டும் சேர்ந்து வந்தால்தான் ஓட்டுகிறவர் கேட்பார்.

செட்டிநாடு 63:

அப்படியென்றால் ஒப்புக்கொள்கிறேன். முந்த இடம் கொடுத்த பிறகு, தடுப்பு இல்லாத மற்ற இடங்களில் தொடர்கோடு போட்டு, அதைத் தாண்டுகிறவரைப் பிடிக்கலாம். இப்போது பிடித்தால் வேறு எங்கே முந்துவது என்று கேட்பார், பதில் இல்லை. 2022-ல் நாட்டிலேயே விபத்து எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதல், 64,105. செத்தவர்கள் 17,884 பேர். அதில் என் சித்தப்பா மகனும் ஒருவன், திருப்பத்தூர் ரோட்டில், எதிரே முந்தி வந்த காரில். அதனால்தான் முதலில் கோபமாக எழுதினேன்.

ராம்நாடு வண்டி:

செட்டிநாடு சார், படித்ததும் என்ன எழுதுவது என்றே தெரியவில்லை.

சத்திரக்குடி தங்கச்சி சொன்ன பிறகு என் கேள்வியை மாற்றிக்கொள்கிறேன். நான் காருக்கு மட்டும்தான் யோசித்திருக்கிறேன். ஓரத்தில் கை வைக்காத மூன்றாவது லேன், அதுதான் கேட்க வேண்டியது.

கிலோமீட்டர் கல் சார், இதை யாரிடம் கொண்டுபோவது? இணையத்தில் எழுதினால் மட்டும் போதாது.

கிலோமீட்டர் கல்:

கலெக்டர் தலைமையில் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு இருக்கிறது, போலீஸ், போக்குவரத்து, நெடுஞ்சாலை எல்லாத் துறையும் அதில் உண்டு. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து அந்தக் குழுவுக்கு அனுப்பச் சொல்லுங்கள். பொதுவாக "சாலை ஆபத்தாக உள்ளது" என்று எழுதினால் ஒன்றும் நடக்காது. கிலோமீட்டர் கல் எண்ணைப் போட்டு எழுதுங்கள், எந்தக் கல்லிலிருந்து எந்தக் கல் வரை வளைவு இல்லை, வீடு இல்லை, குறுக்கு ரோடு இல்லை என்று. வேலை தொடங்கும் வரை என்ன செய்யலாம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்: பரமக்குடியில் நாலுவழி முடிகிற இடத்தில் வேகம் குறைக்கும் கோடுகள், தாருக்கும் மண்ணுக்கும் உள்ள பள்ளத்தை நிரப்புவது, கருவேலத்தை வெட்டிப் பார்வையைத் திறப்பது. இதற்குப் பெரிய பணம் தேவை இல்லை.

சங்ககிரி லோடு:

கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு நான் குறித்துத் தருகிறேன் அண்ணே. சாயல்குடியிலிருந்து ராமநாதபுரம் வரை எந்த இடத்தில் பின்னால் வரிசை சேரும், எந்த இடத்தில் முந்துவார்கள் என்று எனக்கு மனப்பாடம்.

ராம்நாடு வண்டி:

வருகிற சனிக்கிழமை காலை பரமக்குடியிலிருந்து கிளம்பி ஒவ்வொரு கல்லாக நிறுத்திக் குறித்துக்கொண்டு வருகிறேன். யாராவது கூட வந்தால் நல்லது.

சத்திரக்குடி பக்கம்:

சனிக்கிழமை வேண்டாம் அண்ணா, அன்றைக்கு ரோடு காலியாக இருக்கும், உங்களுக்கு ஒன்றும் தெரியாது. வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு வாருங்கள், பள்ளிக்கூட வேனும் ராமேஸ்வரம் வண்டியும் ஒன்றாக வருகிற நேரம். பஸ் ஸ்டாப்பில் நிற்கிறேன், அப்பாவையும் கூட்டி வருகிறேன். எந்தெந்த இடத்தில் மண்ணில் இறங்குகிறோம் என்று அவர் காட்டுவார்.